முப்பத்தோராம் சால்

பொட்டலத்தை வண்டியிலேயே விட்டுவிட்டேன்.
முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

மூலனூரில் ஆடிக் காற்று செம்மண்ணை வாரி இறைத்த நாள்.
புழுதி ஏறுமென்று
ஜீப்பின் கண்ணாடிகளை ஏற்றிவைத்தேன்.
மூன்று மணி நேர வெயில்.
கரித்தூளுக்குள் உறங்கிய கோடி உயிர்கள்
உறக்கத்திலேயே வெந்திருக்கும்.

பிறகு அந்தப் பிணங்களை
அரிசிக் கஞ்சியில் குழைத்து
விதைக்குப் பூசி
நாற்பது சால் விதைத்தோம்.
"ஏனுங், ஊசின வாசமா அடிக்குதுங்?"
என்றாள் மாராத்தாள்.
மருந்து அப்படித்தான் என்றேன்.

அந்த நாற்பது சாலும் என் நான்கு வருடம்.
மாலையில் மொட்டைப் பிரித்து
மகரந்தப் பை பத்தையும் இடுக்கியால் கிள்ளி,
விடியலில் வேறொரு பூவின் தூளைத் தொட்டுவைத்து,
நூல் கட்டி, சீட்டு எழுதி,
நூறு பூவுக்கு இருபது காய் நின்றால் அது நல்ல வாரம்.
அக்கா மகள் கல்யாணத்துக்குப் போகவில்லை.
அன்றைக்குப் பார்த்துப் பூத்திருந்தது.

தட்டப்பயிறுக்கு ஆள் பார்க்கத் தெரியாது.
வேரைத் தட்டும் எவரையும் உள்ளே விடும்,
முடிச்சுமுடிச்சாய் வீடு கட்டிக் கொடுக்கும்,
இலை சமைத்த சர்க்கரையை இறக்கிக் கொடுக்கும்.
வந்தவர்களில் பாதிப் பேர்
தின்றுவிட்டுச் சும்மா படுத்திருப்பார்கள்.
சுற்றிலும் காற்று,
ஒரு சிட்டிகை தழைச்சத்து எடுத்துத் தரமாட்டார்கள்.
பொட்டலத்தில் வரும் வெளியூர் உழைப்பாளிகளோ
இந்தச் சுக்கான் மண்ணில்
ஒரு கோடை தாண்டுவதில்லை.
உள்ளூரில் உழைப்பவனை அடையாளம் கண்டு
சும்மா இருப்பவனைப் பட்டினி போடும் ஒரு வேர்,
அதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்,
நான்கு வருடமாக,
பொட்டலம் பூசிய விதைகளில்,
விதிமுறைப்படி,
கிடைக்கவே முடியாத இடத்தில்.

நாற்பத்திரண்டாம் நாள்.
இழுத்தால் முடிச்சு மண்ணோடு நின்றுவிடும்.
கொத்தால் சுற்றித் தோண்டி
வாளித் தண்ணீரில் அலசி
நகத்தால் கீறிப் பார்த்தோம்.
வெளுப்பு.
வெளுப்பு.
பச்சை.
மறுபடி வெளுப்பு.
இருபதாவது சாலுக்குமேல்
நான் நோட்டில் எண்களை எழுதவில்லை.
காரணங்களை எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தேன்:
மழை பற்றவில்லை, விதை பழசு, மண்ணில் உவர்.

"அம்மணி, இதென்னங்,
ரத்தமாட்டக் கசியுது."

அவள் கட்டைவிரல் நகத்தில்
புதுக்கன்றின் ஈறு நிறம்.
அடுத்த முடிச்சிலும்.
அதற்கடுத்த செடியிலும்.
முப்பத்தோராம் சால்.
தகப்பன், நிலையத்தில் பதிவான வகை.
தாய், பக்கத்துக் கொறங்காட்டின் கிளுவை வேலியில்
வெள்ளாடு கடித்தது போக மிஞ்சிக் கிடந்த கொடி.
அதன் இலை மட்டும் கரும்பச்சையாய் இருந்ததை
காலையிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்,
நிழல் என்று நினைத்து.

பொட்டலம் செத்ததைச் சொல்லாமல்
இதைச் சொல்ல முடியாது.
சொன்னேன்.
"அன்னைக்கே கேட்டனுங்," என்றாள் மாராத்தாள்.
மேலதிகாரி சகாயமேரி
கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுக் கேட்டார்:
"உயிருள்ள பொட்டலம் போட்ட சால் எங்கே?
எதோடு ஒப்பிடுவது?
ஒரு சால் போதாது. அடுத்த ஆடியில் திரும்ப விதை."

அடுத்த ஆடிக்கு அந்தக் கொறங்காடு இருக்காது.
சென்னியப்பன் சோலார் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டார்.
கிளுவையைப் பிடுங்கிய குழிகளில்
இரும்புக் கால்கள் நிற்கின்றன.
கடைசி மூலையில் தோண்டி
ஒரு சாக்கு மண் எடுத்துக்கொண்டேன்.
வேறு சாக்கு கிடைக்கவில்லை.
யூரியா, நாற்பத்தைந்து கிலோ என்று
பச்சை மையில் அச்சடித்திருந்தது.
ஈரத்துணி போர்த்தி
பின் சீட்டில் உட்கார வைத்தேன்.

தாராபுரம் வரை
எல்லாக் கண்ணாடியும் இறக்கியே இருந்தது.
வாயெல்லாம் புழுதி.